மூச்சு வாங்கும் வண்டி

அங்கே நிறுத்தாதீங்க தம்பி, தரை சரிவு, சாய்ந்துவிடும். வேப்பமரத்தடிக்குத் தள்ளிட்டு வாங்க. ஆமாம், இதே வீடுதான். டீக்கடையில் ‘கார்புரேட்டர் அக்கா’ என்று சொல்லி அனுப்பினார்களா? என் பெயர் தங்கமாரி. அதைச் சொல்லிக் கேட்டால் இந்த ஊரில் பாதிப் பேருக்கு வழி தெரியாது.

காற்றாடி கம்பெனிக்கு வேலைக்கு வந்தவரா? சட்டையில் போட்டிருக்கே. அவ்வளவு உயரத்தில் சுற்றுகிறதைச் சரி பண்ணுகிறவருக்கு இந்தச் சின்ன வண்டி சொல் பேச்சுக் கேட்கவில்லை, பாருங்க.

சோக்கை இழுத்துப் பிடித்தால் ஓடுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது, அப்படித்தானே? அப்போது ஸ்லோ ஜெட் அடைத்திருக்கும். பெரிய வியாதி இல்லை, மூக்கடைப்பு. உட்காருங்க. டீ போட்டுக்கொண்டு வருகிறேன். அவசரமா? வெயில் தாழட்டும் தம்பி. இந்த வெயிலில் இன்ஜினும் கொதிக்கும், நீங்களும் கொதிப்பீங்க.

கொஞ்சம் மெதுவாகப் பேசணும். பாப்பா தூங்குகிறாள். தொட்டிலில் என்ன தொங்குகிறது என்றா பார்க்கிறீங்க? வேப்பிலை. கொசுவுக்கு. உள்ளே கிடக்கிற இரும்பா? பழைய பிஸ்டன் பின். காற்றுக்குத் தொட்டில் ரொம்ப ஆடாமல் இருக்கணும் இல்லையா, அதற்குத்தான். வேறு எதற்கும் இல்லை. எனக்கு அந்த மாதிரி நம்பிக்கை எல்லாம் கிடையாது.

இதோ, கார்புரேட்டரைக் கழற்றியாச்சு. டீ ஆறுவதற்குள் கையில் வந்துவிட்டது பார்த்தீங்களா? படித்தது எட்டாவதுதான். எங்கள் அப்பாவுக்குப் பருத்திக் காடு. பருத்திக்கு மருந்தடிக்கிற மிஷினிலும் இதே சாமான்தான், அளவுதான் சின்னது. அது நடுக்காட்டில் நின்றுபோனால் கோவில்பட்டிக்கா தூக்கிக்கொண்டு ஓட முடியும்? நானே பிரித்தேன், நானே பூட்டினேன். முதலில் இரண்டு திருகு மிச்சம் வந்தது. அப்புறம் வரவில்லை. அவ்வளவுதான் என் படிப்பு.

இந்தக் கிண்ணத்துக்கு அடியில் பாருங்க, சேறு. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது. இந்தப் பித்தளைப் பொடிசுதான் ஸ்லோ ஜெட். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை வழியாகப் பாருங்க. இருட்டாக இருக்கா? அதுதான். இதற்குள் ஊக்கை விட்டுக் குத்தக் கூடாது தம்பி. குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும். பெட்ரோல் தேவைக்கு மேலே போகும், வண்டி கறுப்பாகப் புகை விடும், ஸ்லோவில் நிற்கும்போது மூச்சு வாங்கும். பெட்ரோலில் ஊறப் போட்டு, பாப்பாவுக்கு மருந்து ஊற்றுகிற சிரிஞ்சால் காற்று அடிக்க வேண்டியதுதான். பயப்படாதீங்க, அவளுக்கு வேறு சிரிஞ்சு வாங்கியாச்சு.

ஊக்கு வைத்துக் குத்தினவன் ஒருத்தன் இருந்தான். மகாராஜன். எனக்குக் கொழுந்தன் முறை, வாய் நிறைய மதினி என்றுதான் கூப்பிடுவான். எங்கள் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட தம்பி. நீங்கள் ஊருக்குள் வரும்போது திருப்பத்தில் முதல் வீடு பார்த்தீங்களே, முன்னால் வேகத்தடை இருக்கு, அதுதான் அவன் வீடு. அவனுக்கு ரேடியோ செட்டு வேலை. கல்யாண வீடு, கோயில் கொடை, எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் குழாய் கட்டுகிறது அவன்தான். மைக்கை விரலால் தட்டி, ‘ஃபூ, ஃபூ, ஹலோ’ என்று அவன் சொன்னால்தான் எங்கள் ஊருக்குக் கொடை தொடங்கின மாதிரி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பக்கத்து ஊர்க் கொடைக்குக் குழாய் கட்ட மரம் ஏறினான். கரண்டு அடித்துவிட்டது. கல்யாணம்கூட ஆகவில்லை.

அவன் அம்மா குருவம்மாள், எனக்கு அத்தை முறை. புருஷன் முன்னமே இல்லை. இவன் ஒருத்தன்தான் இருந்தான். காரியம் எல்லாம் முடிந்த பிறகு எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, “சீனிராசு, வண்டி சும்மா நின்னு துருப்பிடிச்சுப் போகும். நீ எடுத்து ஓட்டுய்யா” என்றார்கள். இவர் மில்லுக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவர். எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வண்டி நல்ல வண்டி. சத்தம்தான் சரியில்லை. டுப்பு டுப்பு டுப்பு என்று மூன்று அடி அடிக்கும். அப்புறம் ஒரு நிறுத்தம், நின்றே போய்விட்டது என்று நினைப்பீங்க. அப்புறம் ஒரு மூச்சு விட்டுத் திரும்ப டுப்பு டுப்பு டுப்பு. மாடி ஏறி வந்தவர் பேசுகிற மாதிரி. புகை வேறு. பெட்ரோல் வீணாவது எனக்குப் பொறுக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்தேன். பார்த்தால் ஊக்கை விட்டுக் குடைந்து வைத்திருக்கிறான் மகராசன். புது ஜெட் போட்டேன், ஏர் ஸ்க்ரூவைச் சரி பண்ணினேன். தையல் மிஷின் மாதிரி ஓடியது. இவர் தெருவைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்து, “மாரி, வண்டி ஓடுதா நிக்குதான்னே தெரியலடி” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வாரமே பாக்கியம் மதினி வந்தாள். அத்தைக்கு அடுத்த வீட்டுக்காரி. வரும்போதே சத்தம்.

“ஏ புள்ள, அந்த வண்டிய என்ன செஞ்சு தொலைச்ச?”

“ஏன் மதினி, நல்லாத்தானே ஓடுது?”

“நல்லா ஓடுதுல்ல, அதான் வினை. குருவம்மா சோறு தின்னு எத்தன நாளாச்சு தெரியுமா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு மதினிதான் விவரமாகச் சொன்னாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அத்தை ஒரு தட்டில் சோறு போட்டு வாசற்படியில் வைப்பார்களாம். இவர் மில் விட்டு வருகிறபோது திருப்பத்தில் வண்டிச் சத்தம் கேட்குமாம். மூன்று அடி, ஒரு மூச்சு. கேட்டதும் “வந்துட்டான்” என்பார்களாம். வண்டி தாண்டிப் போனதும் அந்தத் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிடுவார்களாம். பகலில் பச்சைத் தண்ணீர் மட்டும்தான். அவன் போனதிலிருந்து அவர்கள் சாப்பிட்டதெல்லாம் அந்த ஒரு நேரச் சோறுதான். நான் கார்புரேட்டரைக் கழுவின நாளிலிருந்து சத்தம் கேட்கவில்லை. “இன்னும் வரலியே” என்று தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்களாம். சோறு காய்ந்துபோகிறதாம்.

நான் போய்ப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கழுத்து எலும்பில் தண்ணீர் ஊற்றினால் தேங்கும், அப்படி இருந்தார்கள்.

“அத்தை, அது வெறும் சத்தம். ஜெட்டு ஓட்டை பெருசாயிருச்சு. நான் அதைக் கழட்டிப் போட்டுட்டேன்” என்றேன்.

“கழட்டிப் போட்டுட்டியா? எங்கன போட்ட?” என்று கேட்டார்கள். பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்கிற மாதிரி.

நல்லவேளை, நான் எதையும் தூர எறிகிறவள் இல்லை. பழைய ஜெட் பவுடர் டப்பாவில் கிடந்தது. திரும்பப் பூட்டி, வண்டியை அத்தை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனோம். ஆனால் பழைய ஜெட்டைப் போட்டால் மட்டும் பழைய சத்தம் வந்துவிடுமா? ஏர் ஸ்க்ரூ முன்னே எங்கே நின்றது என்று யாருக்குத் தெரியும்? உள்ளே திருகினால் காற்று குறையும், வெளியே திருகினால் கூடும். அரைக்கால் சுற்று மாறினால் போதும், குரலே வேறு.

அத்தை கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டேன்.

“இது இல்ல. இது யாரோ.”

கொஞ்சம் உள்ளே திருகினேன்.

“இல்ல தாயி. அவன் இவ்வளவு அவசரப்பட மாட்டான்.”

ஸ்லோவைக் குறைத்தேன்.

“ம். தூரத்துல வாரான். இன்னும்.”

சிரிக்காதீங்க தம்பி. நானும் அப்போது சிரித்தேன். நான் எதற்கும் சிரிக்கிறவள்தான், பிரசவ வலியிலேயே நர்ஸம்மாவைச் சிரிக்க வைத்தவள். இன்னும் ஒரு நூலளவு திருகினேன். வண்டி மூன்று அடி அடித்தது. நின்றது. நிஜமாக நின்றுவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் ஒரு மூச்சு விட்டது. என் முகத்தில் சூடாக அடித்தது. இன்ஜின் சூடுதான், வேறு என்ன இருக்கப் போகிறது?

அத்தை கண்ணைத் திறக்காமலே, “வந்துட்டான்” என்றார்கள். எழுந்து போய்ச் சோறு போட்டார்கள்.

நல்ல காரியம் செய்தோம் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். வயிறு காய்கிற மனுஷி ஒரு வாய் சாப்பிட்டால் நமக்கு என்ன குறைந்துவிடும்? பெட்ரோல் கொஞ்சம் கூடச் செலவாகும். ஆகட்டும்.

ஆனால் அந்தத் தடவை வண்டிக்கு ஒரு பழக்கம் சேர்ந்துகொண்டது. வேகத்தடைக்கு ஆக்ஸிலேட்டரை விட்டதும் ஆஃப் ஆகிவிடும். வேறு எங்கேயும் ஆகாது. காரணம் இருக்கிறது தம்பி, ஸ்லோ குறைவு, பெட்ரோல் அதிகம், ஆக்ஸிலேட்டரை முழுக்க விடுகிற இடம் அது ஒன்றுதான். இவர் உதைத்து உதைத்துப் பார்ப்பார். அத்தை வாசலில் நின்று, “கால் கழுவிட்டு வாய்யா” என்பார்கள். முதல் நாள் இரண்டு வாய் சாப்பிட்டார். அப்புறம் பாதி வயிறு. அப்புறம் வீட்டுக்கு வந்து, “எனக்கு வேணாம் மாரி, பசிக்கல.”

எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. சித்தி வீடு, சாப்பிடட்டும். என்ன ஒன்று, இவருக்குக் கத்தரிக்காய் ஆகாது. வாய் அரிக்கும், உதடு வீங்கும். கல்யாணப் பந்தியிலேயே ஒதுக்கினவர். ஒரு நாள் என்னிடம், “நாளைக்குக் கத்தரிக்கா வச்சு எண்ணெய்க் குழம்பு வை” என்கிறார். வைத்தேன். தட்டை வழித்துச் சாப்பிட்டார். உதடு வீங்கவில்லை. மனுஷனுக்கு ருசி மாறாதா? மாறும்தானே?

பாப்பாவுக்கு விளையாட்டுக் காட்டுவார். டம்ளரை வாய்ப் பக்கம் பிடித்து, விரலால் ஒரு தட்டு. ‘ஃபூ, ஃபூ, ஹலோ’. பாப்பா முதலில் சிரித்தாள். எல்லாரும் செய்கிற விளையாட்டுதான் அது. அப்புறம் அவர் டம்ளரைக் கையில் எடுத்தாலே அழ ஆரம்பித்துவிட்டாள். பல் முளைக்கிற நேரம், எதற்கெடுத்தாலும் அழுவார்கள். நீங்கள் டீயைக் குடிங்க, ஆடை விழுகிறது பாருங்க.

ஜெட் சுத்தமாகிவிட்டது. இப்போது வெளிச்சம் தெரிகிறதா? ஊசிமுனை அளவுக்கு? அதுதான் சரியான அளவு. இந்த மிதவை ஆடுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். ம், நல்லா இருக்கு. பூட்டிவிடலாம்.

மகாராஜன் போய் வருஷம் திரும்பியது. எங்கள் பங்காளிகளுக்குள் ஒரு வழக்கம். கல்யாணம் ஆகாமல் போனவங்களுக்குத் திதி அன்று புது வேட்டி வைத்துப் படைப்பார்கள். பங்காளிப் பையன் ஒருத்தன் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு படையல் இலையில் உட்கார்ந்து சாப்பிடணும். சாப்பிட்டு முடித்ததும் வேட்டியை அவிழ்த்து ஊருணியில் நனைத்துவிட்டு, தன் துணியை உடுத்திக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வரணும். அத்தை இவரைக் கேட்டார்கள். இவர் என்னைக் கேட்டார். “ஒரு வேட்டிதானே, கட்டுங்க” என்றேன்.

சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டது. மூன்று அடி, ஒரு மூச்சு. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். இவர் அந்த வேட்டியோடே வந்து நிற்கிறார். நனையவில்லை, கசங்கவில்லை. மடிப்புக்கூடக் கலையவில்லை.

“ஏங்க, அவுக்கலையா?”

“மறந்துட்டேன்” என்றார்.

வண்டியை நிறுத்தவில்லை. ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் மேல் உட்கார்ந்தபடியே பாப்பாவைப் பார்த்தார். நன்றாக உற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டு, “மதினி, இது யார் பிள்ள?” என்று கேட்டார்.

விளையாட்டுக்குத்தான் தம்பி. எங்கள் வீட்டுக்காரர் பெரிய கேலிக்காரர். எனக்கா தெரியாது? நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பாப்பாவை உள்ளே கொண்டுபோய்ப் போட்டேன். சிரித்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்தேன். சாவியைத் திருப்பி அணைத்தேன். இன்ஜின் ஆறுகிற வரைக்கும் பொறுக்க முடியவில்லை, அப்படியே பிரித்துவிட்டேன். இதோ, இந்த இரண்டு விரலிலும் தழும்பு தெரிகிறதே, அன்றைக்குப் பட்டதுதான். பழைய ஜெட்டைக் கழற்றி, புதுசைப் போட்டு, ஏர் ஸ்க்ரூவை அது எங்கே இருக்கணுமோ அங்கே வைத்தேன். இவர் பக்கத்திலேயே நின்றார். வண்டியை உதைத்தேன். தையல் மிஷின் மாதிரி ஓடியது. அந்தச் சத்தம் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “மாரி, கொஞ்சம் தண்ணி கொடு” என்றார். எனக்கு உயிர் வந்தது. இரண்டு நாள் காய்ச்சல். படையல் சோற்றில் இருந்த கத்தரிக்காய்க்கு மறுநாள் காலையில் உதடு வீங்கியது. அந்த வீங்கின உதட்டைப் பார்த்து நான் பட்ட சந்தோஷம் இருக்கே!

அப்புறம் அவர் வண்டியை நான் அந்தத் திருப்பத்தில் நிற்க விட்டதே இல்லை. நிற்காது. வாரா வாரம் நான் பிரித்துப் பார்த்துவிடுகிறேன்.

ஆனால் அத்தை? திரும்பவும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பாக்கியம் மதினி வந்து கத்தினாள்.

“உன் புருசன் உனக்கு வேணும். அதுக்கு ஒரு உசுரு போகணுமாக்கும்?”

“போக வேணாம் மதினி. கொஞ்சம் பொறு” என்றேன்.

எனக்கு எதையும் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கத் தெரியாது. ஒரு வழி அடைத்தால் இன்னொரு ஓட்டையில் காற்று அடித்துப் பார்க்கிறவள் நான். மறுநாள் உரக்கம்பெனி ஆள் ஒருத்தர் வண்டி நின்றுபோய் வந்தார். சுத்தம் பண்ணிக் கொடுத்தேன். கொடுக்கும்போது ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருகினேன். ஸ்லோவைக் கொஞ்சம் குறைத்தேன். அவ்வளவுதான். எந்த வண்டியானால் என்ன, எல்லா வண்டிக்குள்ளும் அந்தச் சத்தம் இருக்கிறது தம்பி. எங்கே தேடணும் என்று எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் தேடக்கூட வேண்டாம், கை தானாகப் போய் நிற்கிறது. அன்று சாயங்காலம் அத்தை சாப்பிட்டார்கள் என்று மதினி வந்து சொன்னாள்.

அன்றிலிருந்து டீக்கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், வெளியூர் வண்டி எது நின்றாலும் இங்கே அனுப்புங்க என்று. உள்ளூர்க்காரங்க வண்டியில் நான் அந்த வேலை செய்கிறதில்லை. பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறவங்க, பாவம். உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? இன்னும் இல்லையா? நல்லது.

யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை தம்பி. முகத்தை ஏன் அப்படி வைத்துக்கொள்கிறீங்க? அந்த உரக்கம்பெனிக்காரர்கூட நன்றாகத்தான் இருக்கிறார். அடிக்கடி பார்க்கிறேனே. இந்தப் பக்கம் அவருக்கு வேலை ஒன்றும் இல்லை, ஆனாலும் வாரத்தில் ஒரு நாள் அத்தை வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிறார். அத்தை கைப்பக்குவம் அப்படி. போன தடவை என்னைத் தெருவில் பார்த்து, “மதினி, நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டார். மரியாதையான மனுஷன்.

ம், வெயில் தாழ்ந்துவிட்டது. இப்போது கிளம்பினால் சரியாக இருக்கும். உதைங்க. இன்னொரு தடவை. ஆங், பிடித்துவிட்டது. அப்படியே விடுங்க, ஆக்ஸிலேட்டரைத் தொடாதீங்க. நான் கொஞ்சம்… இருங்க… பேசாதீங்க…

இப்போது சரி.

மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கா? அது அப்படித்தான் இருக்கும். மெயின் ரோட்டுக்குப் போனதும் எந்த மெக்கானிக்கிடம் காட்டினாலும் ஒரு நிமிஷத்தில் சரி பண்ணிவிடுவான். இந்த ஸ்க்ரூதான், பார்த்துக்கொள்ளுங்க, வெளியே திருகச் சொல்லுங்க. ஆனால் ஊருக்குள் வேண்டாம். வேறு வழியும் கிடையாது, அந்தத் திருப்பம் வழியாகத்தான் போகணும். வேகத்தடையில் வண்டி நின்றால் உதைத்துக்கொண்டே நிற்காதீங்க. இறங்கிப் போங்க. அத்தை உங்கள் பெயரைக் கேட்க மாட்டார்கள், நீங்களாகவும் சொல்ல வேண்டாம். கால் கழுவச் செம்பில் தண்ணீர் இருக்கும். பசி இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீங்க தம்பி. ஒரு வாய் போதும். நேற்று ஒரு வண்டியும் வரவில்லை. நீங்கள் வாயில் வைத்த பிறகுதான் அவர்கள் அந்தத் தட்டில் கை வைப்பார்கள்.